வயிறு தள்ளிய சுவர்

அடித்தளத்துச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வருகிறது என்று நான் சொன்னபோது, என் வீட்டுக்காரர் குனிந்து தன் வயிற்றைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "வயசாகுதுல்லா" என்றார்.

"உங்களுக்கில்லை, சுவருக்கு."

"அதுக்கும்தான் வயசாகுது. சவத்த விடு."

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். அவர் வங்காளத்துக்கு வந்து, கிடர்பூரில் துறைமுக அலுவலகத்தில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்ச் சேருங்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக நாங்கள் போகவில்லை. பாலிகஞ்சில் ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்ப்பகுதியை வாங்கிக்கொண்டோம். அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது தரைக்கு அடியில் ஓர் அறை. படி இறங்கிப் போகவேண்டும். மூன்று பக்கமும் மண். தெருப்பக்கம் மட்டும் மேலே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக ஊர் ஜனங்களின் கால்களை மட்டும் பார்க்கலாம். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ கரி கொட்டி வைக்கக் கட்டியது என்றார் விற்றவர். எனக்கு அது கடவுளாகப் பார்த்துக் கொடுத்த இடமாகப் பட்டது. இரண்டு கிரைண்டரை இறக்கி, இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். லேக் மார்க்கெட்டில் சில கடைகளுக்கும், அக்கம்பக்கத்து ஃபிளாட்டுகளுக்கும் என் மாவுதான். வங்காளிகள் தோசை என்ற பெயரில் சுடுவதற்கு நான் பொறுப்பில்லை.

சுவரை ஒட்டி ஓர் இரும்பு ரேக் இருந்தது. சாமான் டின்களெல்லாம் அதில்தான். துர்கா பூஜை முடிந்து மழையும் ஓய்ந்த பிறகு ஒருநாள், அந்த ரேக் கதவை இடிக்கிற அளவுக்கு முன்னால் வந்திருந்தது. நானே நகர்த்தியிருப்பேன் என்று நினைத்து மறுபடி பின்னால் தள்ளினேன். போகவில்லை. பின்னால் எட்டிப் பார்த்தால் சுவர், நிறைமாதக்காரி மாதிரி நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. புடைப்பின் உச்சியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை படுக்கைவாட்டில் ஒரு விரிசல். தொட்டால் சில்லென்று ஈரம்.

வீட்டுக்காரரை இழுத்துவந்து காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். துறைமுக அலுவலகத்தில் எந்தக் காகிதத்தையும் இப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது. பிறகு ரேக்கை எடுத்து எதிர்ச் சுவரோரம் வைத்துவிட்டு, புடைப்பின்மேல் ஒரு முருகன் படத்தை மாட்டினார். "சரியாப் போச்சு" என்றார். சரிவில் மாட்டியதால் படம் கீழ்ப்பக்கம் சுவரைத் தொடாமல் அந்தரத்தில் ஆடியது. மின்விசிறியைப் போட்டால் முருகன் ஊஞ்சலாடினார்.

குளிர்காலம் வந்தது. ஒருநாள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆணி பிடுங்கிக்கொண்டு முருகன் நேராக உளுந்து மாவுக்குள் இறங்கினார். கண்ணாடி உடைந்து மாவு முழுவதும் வீண். அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்து கத்தினேன். கத்தல் மாடிக்குக் கேட்டுவிட்டது.

மாடியில் இருந்தவர் எழுபது தாண்டிய ஓர் அம்மாள். அந்தத் தெருவே அவரை மாஷிமா என்றுதான் கூப்பிடும், அதாவது சித்தி, பெரியம்மா மாதிரி. ஆள் ஒல்லி, குரல் மட்டும் ரயில் நிலையத்து ஒலிபெருக்கி. அவருடைய கணவர் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, எலும்பு சேர்ந்த பிறகும் கட்டிலைவிட்டு எழுந்திரிக்க மாட்டேன் என்று படுத்திருந்தார். மாஷிமா பால்கனியிலிருந்து குனிந்து தீர்ப்புச் சொன்னார்.

"உன் மெஷின்தான் காரணம். அது ஓடும்போது என் வீட்டுக் கட்டிலே நடுங்குது. சுவர் நடுங்காதா?"

"மாஷிமா, அரிசி ஊறி அரைகிறது. பாறை உடைக்கிறேனா?"

"மதராஸிகளுக்கு எதற்கெடுத்தாலும் அரைக்க வேண்டும்."

நான் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன், எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று. அவர் மாடியைப் பார்த்துக் கும்பிடாத குறையாக, "டீக், டீக், மாஷிமா" என்றார். அதாவது சரிதான், சரிதான். இந்த மனிதர் கப்பல் கேப்டன்களோடு சண்டை போட்டதாக என்னிடம் கதை சொன்னவர்.

வீம்புக்காகக் கிரைண்டரை நிறுத்தி வைத்தேன். லேக் மார்க்கெட் கடைக்காரர் ஒருவர் போன் செய்து, "அக்கா, உங்க மாவு இல்லாம இட்லி கல்லு மாதிரி வருது, கஸ்டமர் என்னை அடிக்காத குறை" என்று அழுதார். நான் காத்திருந்தேன். கிரைண்டர் ஓடாத நாட்களிலும் சுவர் நின்றபாடில்லை. விரிசலில் விரல் நுழைந்தது. கடைசியில் உள்ளங்கை பக்கவாட்டில் நுழைந்தது.

முதலில் ஒரு காண்டிராக்டர் வந்தார். சென்ட் மணக்க இறங்கிவந்து, சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "மேடம், இதன்மேல் அழகான பிளாஸ்டிக் பலகை அடித்துவிடுவோம். சலவைக்கல் மாதிரி இருக்கும். புடைப்பு தெரியவே தெரியாது" என்றார்.

"சுவர் விழுந்தால்?"

"பலகைக்குப் பின்னால்தானே விழும்?"

அவரைப் படியேற்றி அனுப்பினேன். என் வீட்டுக்காரருக்கு யோசனை பிடித்திருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அடுத்து வந்தவர் என்னிடம் மாவு வாங்குகிற ஒரு பெண். கட்டட எஞ்சினியர் என்று எனக்குத் தெரியாது. மாவு ஏன் இல்லை என்று கேட்க வந்தவரிடம் காரணத்தைச் சொன்னதும், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். மேலே ஒரு ஆணியில் நூல் கட்டித் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டுநூல் நேராக நிற்க, சுவர் வெட்கமில்லாமல் அதைத் தாண்டி முன்னால் வந்திருந்தது. விரலால் தட்டினார், ஈரத்தை முகர்ந்தார். "கிரைண்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சவேண்டும் போலிருந்தது.

"இந்த ஊர் மண் தண்ணீர் குடித்தால் ஊதும். ஊதினால் இடம் தேடும். உங்கள் அறைதான் காலி இடம், அதனால் சுவரை உள்ளே தள்ளுகிறது. ஆனால் மழை நின்று மாதக்கணக்காகிறது. இந்தச் சுவருக்கு மட்டும் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? வெளியே என்ன இருக்கிறது?"

வெளியே வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் மாஷிமாவின் பூந்தொட்டிகள், உடைந்த நாற்காலி, சுவரை ஒட்டி செங்கல்லால் கட்டிய ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. தகரம் போட்டு மூடி, மேலே கல்லும் வைத்திருந்தது. குப்பை போடுகிற இடம் என்றே நான் நினைத்திருந்தேன். எஞ்சினியர் கல்லை எடுத்துத் தகரத்தைத் தூக்கினார். உள்ளே கறுப்பாகத் தண்ணீர். தண்ணீருக்குள் மீசை வைத்த முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன.

"சிங்கி மாச்!" என்றார் எஞ்சினியர், வங்காளியாக இருந்ததால் நாக்கில் லேசாக எச்சில் ஊற. நம் ஊரில் தேளி என்போமே, அதே மீன்தான்.

பால்கனியிலிருந்து ஒலிபெருக்கி முழங்கியது. "யார் என் மீனைத் தொடுவது?"

விஷயம் இதுதான். படுக்கையில் கிடக்கிறவருக்கு சிங்கி மீன் குழம்பு உடம்பைத் தேற்றும் என்பது வங்காளத்தில் வேதவாக்கு. மார்க்கெட்டில் உயிரோடு விற்பதையும் மாஷிமா நம்பவில்லை. மொத்தமாக வாங்கித் தொட்டியில் விட்டு, வேண்டும்போது பிடித்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். தொட்டியோ கிழடு, கீழே எங்கோ பிளந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீரெல்லாம் மறுநாள் பாதிக்குக் கீழே போய்விடும். அவர் மறுபடி பால்கனியிலிருந்து ஹோஸ் குழாயை இறக்கி நிரப்புவார்; பூந்தொட்டிகளுக்கு ஊற்றுகிறார் என்றே நான் நினைத்திருந்தேன். இத்தனை மாதமும் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் யோசிக்கவே இல்லை. அது என் சுவருக்கு வந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் படியேறிப் போய் மாஷிமாவின் வாசலில் நின்றேன். இத்தனை வருஷத்தில் கற்ற வங்காளமெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்தது. பெரியவர்களுக்கு 'ஆப்னி' போட்டுப் பேசவேண்டும், அதாவது நீங்கள். கோபத்தில் எனக்கு 'துமி' வந்துவிட்டது. மாஷிமா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"ஆப்னி. முதலில் ஆப்னி சொல், பிறகு சண்டை போடு."

நான் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன், மரியாதையோடு. மரியாதையோடு திட்டுவது எவ்வளவு சிரமம் என்பது திட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாதியில் உள்ளே கட்டிலிலிருந்து ஒரு குரல், "யார் அது? என்ன ஆயிற்று? எனக்கு யாராவது சொல்லுங்களேன்" என்றது. மாஷிமாவின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அவருக்கு நடக்கப் பயம். டாக்டர் நட என்கிறார், பிசியோ பையன் நட என்கிறான். மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வேன்? மீன் ஒன்றுதான் என் கையில் இருக்கிறது."

அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை. வந்த வேகத்துக்கு அவமானமாகத்தான் இருந்தது. "சுவரைச் சரி செய்யணும் மாஷிமா. தொட்டியைக் காலி பண்ணணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

வேலை சித்திரை வாக்கில் ஆரம்பமானது, மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்று. தொட்டியை இடித்து, வெளிப்பக்கம் மண்ணைத் தோண்டி எடுத்துச் சுவர்மேல் இருக்கும் பாரத்தைக் குறைப்பது. உள்ளே முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, தினம் கொஞ்சமாகச் சுவரைப் பின்னால் நெட்டுவது. பிறகு இரும்புத் தூண்களை நிறுத்திப் பிடித்துக்கொள்வது. எஞ்சினியர் படம் வரைந்து விளக்கினார். முர்ஷிதாபாத்திலிருந்து ஒரு மேஸ்திரியும் ஆட்களும் வந்தார்கள். எல்லாம் தயார். மீன்கள் எங்கே போவது என்ற ஒரு கேள்விதான் பாக்கி.

மாஷிமா வீட்டில் பாத்திரம் போதாது. எல்லோரும் அரிசி ஊறவைக்கிற என் நீல டிரம்மைப் பார்த்தார்கள். நாங்கள் சுத்த சைவம். என் வீட்டுக்காரர் மீன் மார்க்கெட் வந்தால் எதிர்ச் சாரிக்குப் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். அவர் ஒரு முடிவாக மறுத்துவிடுவார் என்று நான் தெம்பாக இருந்தேன். மாஷிமா அவரைப் பார்த்தார். இவர் முருகன் படம் இருந்த ஆணித் துளையைப் பார்த்தார்.

"வரட்டும். அதுவும் ஒரு ஜீவன்தானே" என்றார்.

"நீங்க நெசமாத்தான் பேசுதீயளா?" என்று நான் தமிழில் கேட்டேன்.

"அந்தம்மாகிட்ட யாரு மல்லுக்கு நிக்கது?" என்று அவரும் தமிழில் சொன்னார்.

டிரம் எங்கள் குளியலறைக்கு வந்தது. நான் வேறு டிரம் வாங்கிக்கொண்டேன். அந்த நாட்களில் தேளி மீன்கள் பார்க்க நான் குளித்தேன். அவற்றுக்கு மீசையும் உண்டு, முறைப்பும் உண்டு. என் வீட்டுக்காரர் முதலில் கண்ணை மூடிக்கொண்டு போய் வந்தார். பிறகு மிச்ச இட்லியை உதிர்த்துப் போட்டுப் பார்த்தார். தின்றன. அதற்கப்புறம் காலைப் பலகாரம் முடிந்ததும் தட்டோடு குளியலறைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. "நம்ம இட்லி அதுகளுக்குப் பிடிச்சிருக்கு ஏட்டி" என்று பெருமை வேறு.

ஒருநாள் உள்ளேயிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். தேளியின் முள் விஷ முள். ஏதோ ஒன்றைச் செல்லமாகத் தடவப் போயிருக்கிறார். வாழ்நாளில் ஒரு மீனைத் தொடாத மனிதர் முதல் தடவை தொட்டதற்கு இதுதான் வரவேற்பு. மாஷிமா மாடியிலிருந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கி வந்தார். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைக்கச் சொல்லி, அவர் கையை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இவர் "அம்மா, அம்மா" என்று முனகினார். அது தன்னைத்தான் என்று நினைத்து மாஷிமாவும் "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். டாக்டரிடம் ஊசி போட்டுவந்த பிறகும் அவருடைய கை மாலைவரை பன் மாதிரி இருந்தது.

வெளியே தோண்டத் தொடங்கியதும் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இந்த ஊரில் எங்கேனும் ஒரு குழி தோண்டினால் அதைச் சுற்றி நின்று யோசனை சொல்லாமல் ஒரு ஆம்பிளையும் கடந்துபோக மாட்டான். சந்துக்குள் மண்வெட்டிச் சத்தம் கேட்கக் கேட்க, மாடியில் படுத்திருந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலில் கட்டிலிலிருந்தபடி, "எவ்வளவு ஆழம்?" என்று கத்தினார். மேஸ்திரி சொன்ன பதில் அவருக்குத் திருப்தியில்லை. மறுநாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனியில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் குழியின் ஒரு மூலை தெரியவில்லையாம். சில நாளில் மாஷிமா ஒரு பக்கமும் பிசியோ பையன் மறுபக்கமும் பிடிக்க, திட்டிக்கொண்டே படியிறங்கி, உடைந்த நாற்காலிக்குப் பதில் நல்ல நாற்காலி போடச்சொல்லி, குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கோணலாகத் தோண்டுகிறாய்" என்பது அவர் மேஸ்திரியிடம் நேரில் பேசிய முதல் வார்த்தை.

"எல்லாம் சிங்கி மீன் குழம்பு" என்றார் மாஷிமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எல்லாம் என் குழி" என்று என் காதில் சொன்னார் எஞ்சினியர்.

என் வீட்டுக்காரரும் கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். இருவரும் எல்லா விஷயத்திலும் கருத்து வேறுபட்டார்கள். அதனால் இருவருக்கும் பிடித்துப்போயிற்று.

உள்ளே ஜாக்கியைத் திருகும்போது சுவர் முனகும். செங்கல்லுக்கு நடுவிலிருந்து பழைய சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டும். விரிசல் உள்ளங்கையிலிருந்து விரலளவுக்கு வந்தது. நான் தினமும் போய்த் தடவிப் பார்ப்பேன், பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று பார்ப்பதுபோல.

முக்கால்வாசி முடிந்திருந்தபோது ஒரு பிற்பகல் வானம் கறுத்து, கோடைப் புயல் அடித்தது. குழியை மூடியிருந்த தார்ப்பாய் ஒரு பக்கம் கிழித்துக்கொண்டு பறந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை குழிக்குள் கொட்டி, எதிர்ப்பக்கத்து மண் சரிந்து சேறாக விழ ஆரம்பித்தது. எடுத்த பாரமெல்லாம் தண்ணீராகவும் சேறாகவும் சுவர்மேல் திரும்ப ஏறுகிறது. உள்ளேயிருந்து மேஸ்திரி கத்தினார், ஒரு முட்டு நழுவுகிறது என்று.

எஞ்சினியர் நனைந்துகொண்டே படியில் தாவி இறங்கினார். "முட்டுக்குக் கீழே பாரம் வேண்டும்! என்ன இருக்கிறது?"

அரிசி மூட்டைகள் இருந்தன. நானும் அவரும் மேஸ்திரியும் இழுத்து இழுத்து முட்டுக் கட்டைகளின் அடியில் நெருக்கி அடுக்கினோம். என் தலைக்கு நேர் எதிரே விரிசல் திறந்து, அதிலிருந்து செம்மண் நீர் கோடாக வழிந்தது. இப்போது இது விழுந்தால் அரிசியோடு அரிசியாகப் போய்ச் சேரவேண்டியதுதான் என்று தோன்றியது. பயத்தில் சிரிப்பு வந்தது. வெளியே ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்தார்கள். ஜன்னல் வழியாகக் கால்கள் தெரிந்தன. அதில் சேற்றில் புதைந்த, மெட்டியில்லாத ஒரு ஒல்லிக் கால் மாஷிமாவுடையது. தார்ப்பாயின் ஒரு முனையைத் தெருப்பக்கத்திலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கோ குடைக்குள்ளிருந்து அவர் கணவர், "இடது பக்கம்! முட்டாள்களே, இடது பக்கம்!" என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தார்.

முட்டு நழுவியது நின்றது. சுவர் ஒருமுறை பெரிதாக முனகிவிட்டு அப்படியே நின்றது. மழை விட்டபோது மூட்டைகளில் பாதி சேற்றில் ஊறியிருந்தன. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மாஷிமா சேறு பூசிய காலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் ஊற்றின தண்ணீர் கொஞ்சம், வானம் ஊற்றினது அதிகம்" என்றார். மன்னிப்பு என்று அவர் கேட்டது அவ்வளவுதான். போதும் என்றிருந்தது.

அதன் பிறகு வேலை விறுவிறுவென்று நடந்தது. தண்டவாளம் மாதிரித் தடித்த இரும்புத் தூண்களைத் தரையிலும் மேல்தளத்திலும் இறுக்கிச் சுவரோடு சேர்த்து நிறுத்தினார்கள். வெளிப்பக்கம் நீர் ஏறாத பூச்சுப் பூசி, செங்கல் ஜல்லியும் மணலும் போட்டு நிரப்பி, தண்ணீர் தெருச் சாக்கடைக்கு ஓடக் குழாய் புதைத்தார்கள். சுவர் முழுதாக நிமிரவில்லை. இன்னும் நெட்டினால் உடையும் என்றார் எஞ்சினியர். லேசான தொந்தியோடு அது இன்றும் நிற்கிறது. கிரைண்டர்கள் மறுபடி ஓடின.

டிரம்மில் மீன்கள் மிச்சமிருந்தன. இப்போது வாக்கரில் தெருமுனைவரை போய்வந்துகொண்டிருந்த மாடிக்காரர், இனி சிங்கி குழம்பு வைத்தால் வீட்டைவிட்டுப் போய்விடுவேன், ஆட்டுக்கறி வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாஷிமா மீன்களை மேஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் விடவில்லை. "நம்ம இட்லி தின்ன ஜீவன்" என்றார். கிடர்பூர்ப் பக்கம் கங்கையில் தனக்குத் தெரிந்த ஒரு படித்துறை இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம் என்றார். வாளியில் அள்ளிக்கொண்டு டாக்ஸியில் போனோம். வழியெல்லாம் வாளியின்மேல் என் பழைய புடவையை மூடிப் பிடித்திருந்தேன். டிரைவர், "சமையலா, பூஜையா?" என்று கேட்டார். "விடுதலை" என்றார் இவர், ஹிந்தியில்.

படித்துறையில் கடைசிப் படிவரை இறங்கி, ஏதோ முணுமுணுத்து, வாளியைக் கவிழ்த்தார். மீன்கள் கலங்கிய தண்ணீரில் வாலை அடித்துக்கொண்டு போயின. கொஞ்சம் தள்ளி இடுப்பளவு நீரில் நின்றிருந்த ஒரு ஆள் எங்களைப் பார்த்துப் பெரிதாகக் கும்பிட்டுவிட்டு, கையிலிருந்த வலையை அந்தப் பக்கமாக வீசினார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்திருந்த டிரைவர் பொத்தவில்லை.

திரும்பி வரும்போது காலி வாளி இவர் கால் நடுவில் உருண்டுகொண்டிருந்தது. பாலிகஞ்ச் நெருங்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"அவன் வலை பெரிய கண்ணு வலை. சின்னதெல்லாம் தப்பிச்சிருக்கும்."

"தப்பிச்சிருக்கும்" என்றேன் நான்.